சேலை இலை

ஜூலை மாதத்தில், இலங்கை மலைநாட்டு ஹட்டனில் ஞாயிற்றுக்கிழமை துவைத்துப் போட்ட சேலை புதன்கிழமையாகியும் காய்வதில்லை. அடுப்பங்கரைக் கொடிக்கு மாற்றிப் போட்டு, புகை மணத்தோடு அதைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம். அலமாரிக்குள் தோல் செருப்பின் மேல் பூஞ்சணம் படர்ந்திருக்கும். உப்புப் போத்தலைக் கவிழ்த்தால் உப்பு விழாது. அப்படியான ஒரு மாதத்தில், நான்கு வருடங்களுக்கு முன்னால், காலையிலும் மாலையிலும் தெளிப்பான் போத்தலை எடுத்து என் ஜன்னலோரத்து பிகோனியாவின் இலைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். தேடிப் படித்த குறிப்புகள் எல்லாம் ஒரே குரலில் அதைத்தான் சொல்லியிருந்தன. ரெக்ஸ் பிகோனியாவுக்குக் காற்றில் ஈரம் வேண்டும், இலைகளில் நீர் தெளியுங்கள், சட்டிக்கு அடியில் கூழாங்கல் தட்டு வைத்துத் தண்ணீர் நிறுத்துங்கள்.

மூன்றாம் வாரம் இலைகளின் மேல் கோதுமை மாவைத் தூவியது போல வெள்ளைப் பொட்டுகள் தோன்றின. தூசி என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தேன். துடைத்த இடமெல்லாம் பரவியது. அடுத்த வாரம் காம்புகள் அடியில் குழைந்து ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. ஓகஸ்ட் முடிவதற்குள் சட்டியில் மண் மட்டும்தான் மிஞ்சியது.

கடையில் வாங்கிய செடியாக இருந்தால் வருத்தப்பட்டு விட்டிருப்பேன். அது அம்மாவின் செடி. தலவாக்கலைக்கு மேலே, தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், எங்கள் வீட்டு முன்தாழ்வார இஸ்தோப்பில் பால்மா டின்களில் முப்பது வருடங்களாக வளர்ந்துவரும் செடியின் பிள்ளை. நான் கல்யாணமாகி ஹட்டனுக்கு வந்தபோது அம்மா என் கையில் கொடுத்தனுப்பியவற்றில் ஒரு டின் அது. அதைப் பறிகொடுத்த பிறகுதான் இந்தச் செடியைப் பற்றி ஒழுங்காகக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். மலைநாட்டில் இருந்துகொண்டு இதை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள், வேறு ஊர்களின் வீடுகளுக்காக எழுதப்பட்ட குறிப்புகளை அப்படியே நம்பிச் செடியை இழந்துவிடக் கூடாது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

அம்மா இதை பிகோனியா என்று சொன்னதே இல்லை. அவருக்கு இது சேலை இலை. ஒரு முறை இலையைக் கையில் ஏந்திப் பார்த்தால் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று புரிந்துவிடும். ஓரத்தில் கறுப்பென்றே சொல்லத்தக்க அரக்குக் கரை. உள்ளே பனி படிந்தது போன்ற வெள்ளி உடல். நடுவில், காம்பு வந்து சேரும் இடத்திலிருந்து நரம்புகளோடு விரியும் கரும்பச்சை. இலையின் இரண்டு பாதிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு பாதி அகன்று தோளைத் தாண்டி வழியும், மறு பாதி ஒடுங்கி நிற்கும். பிகோனியாக் குடும்பத்தில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் இந்தக் கோணல் உண்டு. இலையைத் திருப்பினால் பின்பக்கம் முழுக்கச் சிவப்பு, நரம்புகளில் பூனைமயிர். புது இலை வரும்போது குழந்தையின் மூடிய கைபோல மடிந்து, செம்மயிர் போர்த்திக்கொண்டு வரும்.

பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறையிலிருந்து கைவில்லை ஒன்றைக் கொண்டுவந்து அந்த வெள்ளியை ஒரு மாலை முழுக்கப் பார்த்திருக்கிறேன். வெள்ளி நிறத்தில் சாயம் எதுவும் அங்கே இல்லை. மேற்றோலுக்கும் அதன் கீழே இருக்கும் பச்சைக் கலங்களுக்கும் நடுவில் மிக மெல்லிய காற்றிடைவெளிகள் இருக்கின்றன. ஒளி அதில் பட்டுத் திரும்புவதால்தான் நம் கண்ணுக்கு வெள்ளியாகத் தெரிகிறது. வில்லைக்கடியில் அந்தப் பகுதி சீனிப் பரல்களைப் பரப்பியது போல மினுங்கும். பின்பக்கச் சிவப்பு உண்மையான சாயம், நாவற்பழத்துக்கும் செங்கோவாவுக்கும் நிறம் தரும் அதே வகை. மரங்களின் அடியில், வெயில் நேரடியாக விழாத ஈரத் தரையில் வாழ்ந்து பழகிய செடி இது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் இதன் தேவைகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

அந்தத் தரை அசாமில் இருக்கிறது. ரெக்ஸ் பிகோனியாவின் மூலச் செடி வடகிழக்கு இந்தியாவின் மலைக்காடுகளைச் சேர்ந்தது. 1850களில் அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. 1857இல் ஜூல் புட்சேஸ் என்ற பெல்ஜியர் அதற்கு ரெக்ஸ் என்று பெயரிட்டார். லத்தீனில் அதற்கு அரசன் என்று பொருள். அதற்குப் பிறகு அதை வேறு பிகோனியாக்களோடு கலந்து கலந்து, இன்று கணக்கில்லாத நிறங்களில், நத்தை ஓடு போலச் சுருண்ட இலையோடு கூட வந்துவிட்டது. நம் மலையை மூடியிருக்கும் தேயிலைக்கும் ஊர் அதே அசாம்தான். 1839இல் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு அசாம் தேயிலை வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் பெரிய அளவில் பயிரிட்டார். இதைச் சொன்னபோது அம்மா, "அதுதான் இரண்டுக்கும் ஒரே கை வைத்தியம்" என்றார். அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பின்னால் சொல்கிறேன்.

நம் நாட்டுக்கென்றே உரிய காட்டு பிகோனியாவும் இருக்கிறது. பேராதனைப் பூங்காவில் 1849இல் பொறுப்பேற்ற துவெய்ட்ஸ் என்பவரின் பெயரைச் சுமக்கும் பிகோனியா துவெய்ட்ஸியை உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. ஓடைக்கரைப் பாறையில், பன்னங்களுக்கு நடுவில் கோணல் இலையோடு ஏதாவது ஒரு காட்டு பிகோனியாவைக் கண்டால் தயவுசெய்து பிடுங்கிக்கொண்டு வராதீர்கள். வீட்டில் அது பிழைப்பது அரிது, காட்டிலோ அது ஏற்கெனவே குறைவு.

இனி ஈரம். ரெக்ஸ் பிகோனியாவுக்கு ஈரக்காற்று பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குறிப்புகளை எழுதியவர்கள் வாழும் வீடுகளில் குளிர்காலம் முழுக்க வெப்பமூட்டி ஓடும். அது காற்றை உலர்த்திவிடும். இலையோரம் கருகும். அங்கே கூழாங்கல் தட்டு வேண்டும். ஹட்டனில் மே முடிவிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை மலையின் இந்தப் பக்கத்தில் வந்து மோதிக்கொண்டே இருக்கும். பனிமூட்டம் ஜன்னல் வழியாக அறைக்குள் நடந்து வரும். செடி கேட்கும் ஈரத்துக்கு மேலேயே காற்றில் இருக்கிறது. இங்கே குறைவது காற்றின் அசைவு. குளிர் என்று ஜன்னல்களை அடைத்துவிடுகிறோம். நான்கு சட்டிகளை ஒரே மூலையில் நெருக்கி வைக்கிறோம். அந்த அசையாத காற்றில்தான் சாம்பல் நோய் வருகிறது. மற்றப் பல பூஞ்சைகளைப் போலல்லாமல், அதற்கு இலைமேல் தண்ணீர் நிற்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஈரமான, நிழலான, தேங்கிய காற்று போதும். எனவே என் செடி போனதற்கு நான் தெளித்த தண்ணீரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் காம்பை அழுக வைத்தது. மாவு போலப் படிந்த நோய் மூடிய ஜன்னலால் வந்தது.

இப்போது மழைக்காலத்தில் பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை எப்படியாவது ஒரு ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். பள்ளிக்கூட நாட்களில் எதிர்வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்திருக்கிறேன். ஒரு சட்டியின் இலை மறு சட்டியின் இலையைத் தொடாத அளவு இடைவெளி விடுகிறேன். தெளிப்பான் போத்தலை இஸ்திரி போடுவதற்கு ஒதுக்கிவிட்டேன். வெள்ளைப் பொட்டு ஒன்று கண்ணில் பட்டால் அந்த இலையை அன்றைக்கே கத்தரித்து அடுப்பில் போடுகிறேன். அழகான இலையாக இருந்தாலும் தயங்குவதில்லை. பொட்டு வந்த இலை திரும்பி நலமானதை நான் ஒருமுறையும் பார்க்கவில்லை.

மலையின் அந்தப் பக்கத்துக் கதை வேறு. என் நாத்தனார் பண்டாரவளையில் இருக்கிறார். இங்கே நாங்கள் மழையில் நனையும் அதே ஜூலையில், ஓகஸ்டில், ஊவாப் பக்கம் மழைமறைவாகி, காய்ந்த காற்று வீசும். அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்குப் பெயர்பெற்ற வாசம் ஏறுகிறது. அதே காற்றில் அவருடைய பிகோனியாவின் ஓரங்கள் கருகுகின்றன. அவருக்கு நான் கூழாங்கல் தட்டைச் சொல்லிக் கொடுத்தேன். அங்கே அது வேலை செய்கிறது. ஹட்டன் இருக்கும் எங்கள் திம்புளைப் பக்கத்துக்கு உலர்ந்த குளிர்காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. அப்போது எங்கள் தேயிலைக்கு வாசம். மலையில் தேயிலைக்கு நல்ல காலம் எதுவோ அது சேலை இலைக்குக் கஷ்ட காலம் என்று வைத்துக்கொள்ளலாம். கொழும்பில், வெள்ளவத்தை மாடிவீட்டில் இருக்கும் மாமா மகளுக்கும் ஒரு சட்டி கொடுத்துப் பார்த்தேன். இரவிலும் குறையாத அந்த வெக்கையில் மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. இதற்குப் பிடித்தது 18 முதல் 24 பாகை செல்சியஸ். நம் மலை வருடத்தில் பெரும்பகுதி அதைச் சும்மா தருகிறது.

தண்ணீர் ஊற்றுவதை அம்மாவிடம்தான் கற்றேன். அவர் மண்ணைப் பார்ப்பதே இல்லை. இரண்டு விரலால் டின்னின் விளிம்பைப் பிடித்து ஒரு அங்குலம் தூக்குவார், வைப்பார், அடுத்த டின்னுக்குப் போவார். ஏழு டின்களில் இரண்டுக்கு ஊற்றுவார், ஐந்தை விட்டுவிடுவார். தேயிலை நாற்றங்காலான தவறணைக்கு வேலைக்குப் போவதற்கு முன்னால் பல வருடம் கொழுந்து எடுத்தவர். கொழுந்துக் கூடை தராசுக்குப் போகும் முன்னரே எத்தனை கிலோ என்று அவருடைய தோள் சொல்லிவிடும். அந்தக் கைக்கு ஒரு பால்மா டின்னின் ஈரம் தெரியாமல் போகுமா? எனக்கு அந்தக் கை இல்லை. ஆகவே தண்ணீர் ஊற்றி வடிந்த உடனே தூக்கிப் பார்த்து அந்தக் கனத்தை மனத்தில் பதித்துக்கொள்கிறேன். அதில் பாதிக்கு வந்துவிட்டது என்று தோன்றினால் விரலின் முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுகிறேன். மழைக்காலத்தில் ஒன்பது பத்து நாட்கள் ஒரு சொட்டும் ஊற்றாமல் இருந்ததுண்டு. செடி நன்றாகவே இருந்தது.

ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். இந்தச் செடி தாகத்திலும் தொங்கும், வேர் அழுகினாலும் தொங்கும். தொங்குவதைக் கண்டவுடன் நம் கை தண்ணீர்க் குவளைக்குப் போகிறது. அந்த நேரத்தில் காம்பின் அடியைத் தொட்டுப் பாருங்கள். உறுதியாக இருந்து இலையோரம் மொறுமொறுவென்றிருந்தால் தாகம். காம்படி குழைந்து பழுப்பாக, மண் கனமாக இருந்தால் வேர் போய்க்கொண்டிருக்கிறது, ஒரு சொட்டுத் தண்ணீரும் அதற்கு விஷம். உடனே கவிழ்த்து, அழுகிய வேரை வெட்டி, காய்ந்த கலவையில் மாற்ற வேண்டும். பீலிக் குழாய்த் தண்ணீரை நேராகப் பிடித்து ஊற்றவும் வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் அது கை மரத்துப்போகும் குளிர். ஓர் இரவு அடுப்படியில் வைத்து, குளிர் விட்ட பிறகு, இலைமேல் படாமல் மண்ணில் ஊற்றுங்கள்.

மண் விஷயத்தில் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் செடி போன அடுத்த வருடம், மனம் தாங்காமல் நுவரெலியாவில் ஒரு பூச்செடிக் கடையில் ஊதா இலைக்காரி ஒன்றை வாங்கினேன். கொள்ளை அழகு. வீட்டுக்கு வந்து இரண்டு வாரத்தில் சோர்ந்தது. சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், மேலே இரண்டு விரல் கனத்துக்கு நல்ல மண், அதற்குக் கீழே பிசைந்த களிமண் உருண்டை, அதன் நடுவில் அகப்பட்டு மூச்சுவிட முடியாத வேர். விற்கும் நாளில் நின்றால் போதும் என்று செய்த வேலை. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. அதிலிருந்து கடையில் எந்தச் செடி வாங்கினாலும் அதே வாரத்தில் மண்ணை மாற்றிவிடுகிறேன்.

என் கலவை இதுதான்: தேயிலைக்கு நிழல் தரும் மரங்களின் கீழே கிடைக்கும் மக்கிய இலை இரண்டு பங்கு, கழுவிப் பிழிந்த தும்புத்தூள் ஒரு பங்கு, பருமனான ஆற்றுமணல் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி அடுப்புக்கரித் துண்டு. தேயிலைக் காட்டு மண்ணை நேராக அள்ளிப் போடாதீர்கள். தேயிலை விரும்பும் அளவுக்குப் புளித்த மண் இதற்கு வேண்டாம், கொஞ்சம் புளிப்பு போதும். ரெக்ஸ் பிகோனியா ஆழத்துக்கு வேர் விடுவதில்லை. இஞ்சி போல ஒரு தடித்த தண்டு மண்ணின் மேலேயே படுத்து நகரும். அதிலிருந்துதான் இலைகள் எழும். அதை மண்ணுக்குள் புதைத்துவிட்டால் அழுகும். ஆகவே ஆழமில்லாத அகன்ற சட்டிதான் பொருத்தம். அம்மாவின் பால்மா டின்னை அவர் குறுக்கே பாதியாக வெட்டித்தான் பயன்படுத்துகிறார் என்பதை நான் முப்பது வயதில்தான் கவனித்தேன்.

வெளிச்சத்துக்குக் கிழக்கு ஜன்னல். காலை ஒன்பது மணி வரை வரும் மெல்லிய வெயில் நல்லது. நண்பகல் வெயில் வெள்ளியைக் கருக்கிவிடும். மிக இருட்டானால் காம்பு நீண்டு நிறம் மங்கும். உரம், செடி வளரும் மாதங்களில் மட்டும், உரப்பொதியில் எழுதியிருக்கும் அளவில் கால்வாசி. இலைகளில் விறகுப் புகைக் கரி படியும், மயிர் உள்ள இலை என்பதால் துணி வேண்டாம். பிள்ளைகள் வர்ணம் தீட்டும் மென்மையான தூரிகையால், உலர்வாகத் தட்டிவிடுகிறேன். பஞ்சுபோல மாவுப்பூச்சி வந்தால் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் பஞ்சைத் தொட்டு எடுத்துவிடலாம். பூனையும் நாயும் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதன் சாற்றில் ஒக்சாலிக் அமிலம் உண்டு, வேர்ப்பக்கம் இன்னும் அதிகம்.

பூவை அம்மா கிள்ளிவிடுவார், இலைக்குப் போகும் சத்து வீணாகிறது என்பார். சரியான பேச்சுதான். இருந்தாலும் நான் ஒரு காம்பை விட்டுவைக்கிறேன். வெளிர்ரோஜாப் பூக்களில் ஆண் தனி, பெண் தனி. பெண் பூவின் பின்னால் மூன்று இறகு வைத்த சிறிய சூலகம் இருக்கும், ஆண் பூவில் இருக்காது. ஒரே செடியில் இரண்டையும் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி அம்மாவின் கை வைத்தியம். அம்மா பதினொரு வருடம் தோட்டத்துத் தேயிலைத் தவறணையில் வேலை செய்தவர். விதைத் தேயிலையில் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு குணம். நல்ல தாய்ச்செடி ஒன்றின் குணம் அப்படியே வேண்டுமென்றால் அதன் தண்டை வெட்டித்தான் கன்று எடுக்க வேண்டும். அதைத்தான் வீ.பி. தேயிலை என்கிறோம். விடிகாலையில் தாய்ச்செடியின் கிளைகளை எடுத்து, வாடாமல் தண்ணீரில் போட்டு, ஒரே ஓர் இலையும், அதன் கக்கத்தில் ஒரு கண்ணும், கீழே சுண்டுவிரல் நீளத் தண்டும் இருக்கும்படி நறுக்கி, பொலித்தீன் பைகளில் ஊன்றி, நிழல் போட்டு மூடுவார்கள். கண் சேதமானால் அந்தத் துண்டு வேர் விட்டாலும் கன்று ஆகாது. தேயிலையின் உயிர் அந்தக் கண்ணில் இருக்கிறது.

தொண்ணூறுகளில் ஒருநாள் பங்களாத் தோட்டக்காரத் தாத்தா, பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு சேலை இலையை அம்மாவுக்குக் கொடுத்து, ஊன்றிப் பார் என்றாராம். அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். தண்டு இல்லை, கண் இல்லை, வெறும் இலை. மனமில்லாமல் தவறணை மணலின் ஓரத்தில் வைத்து, காற்றில் பறக்காமலிருக்க இரண்டு கல்லைத் தூக்கி மேலே போட்டிருக்கிறார். இரண்டு மாதம் கழித்துக் கல்லை நகர்த்தினால், கல் அழுத்தி நரம்பு நசுங்கிய இடங்களில் சிவப்பாகச் சின்னஞ்சிறு இலைகள். "கண் இல்லாத இடத்திலிருந்து பிள்ளை வந்திருக்கிறது" என்று அன்று முழுக்க எல்லோரையும் கூட்டிவந்து காட்டினாராம். வெட்டுப்பட்ட நரம்பின் ஓரத்துக் கலங்கள் திரும்பப் பிரியத் தொடங்கி வேரும் தளிருமாக மாறும் வல்லமை ரெக்ஸ் பிகோனியாவுக்கு உண்டு என்று நான் பின்னால் படித்தேன். அம்மாவுக்கு அதை ஒரு கல் சொல்லிக் கொடுத்துவிட்டது.

போன வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குப் போனபோது, என் கண் முன்னால் செய்து காட்டுங்கள் அம்மா என்று கேட்டேன். எழுபத்தொரு வயதில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தார். டின்களை வரிசையாகப் பார்த்து ஓர் இலையைத் தேர்ந்தார். இளசு வேண்டாம், முற்றலும் வேண்டாம். காம்பை ஒரு விரற்கடை விட்டு வெட்டினார். புது பிளேட்டைக் கொதிநீரில் முக்கி எடுத்து, இலையை உள்ளங்கையில் குப்புறப் போட்டார். காம்பு சேரும் இடத்திலிருந்து விரல்கள் போல ஏழு பெரிய நரம்புகள் விரிந்தன. ஒவ்வொரு நரம்பும் கிளைபிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, குறுக்கே ஒரு கீறல். பிஞ்சு வெள்ளரிக்காயை நறுக்கும்போது வரும் சத்தம் மிக மெதுவாகக் கேட்டது. கீறிய இடத்தில் சாறு ஒரு மணியாகத் திரண்டு நின்றது. ஏழாவது கீறல் முடியும் வரை அவர் பேசவில்லை, நானும் மூச்சைச் சத்தமாக விடவில்லை.

பிறகு பழைய ஐஸ்கிரீம் பெட்டியில் கழுவிய ஈர மணலைப் பரப்பி, வெள்ளி முகம் மேலே இருக்கும்படி இலையைக் கிடத்தி, காம்பைச் சாய்வாக மணலில் செருகினார். ஒவ்வொரு கீறலுக்கும் மேலே ஓடையில் பொறுக்கிய பயறளவுக் கல். நரம்பு மணலைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், தூக்கிக்கொண்டால் காய்ந்துவிடும். மேலே தெளிந்த பொலித்தீன். "தினமும் காலையில் ஒரு நிமிடம் திற. உள்ளே வியர்த்த தண்ணீரைத் துடைத்துவிடு. இலைமேல் சொட்ட விடாதே. வேறு எதுவும் செய்யாதே பிள்ளை, நோண்டிப் பார்க்காதே" என்றார். பெட்டியை ரயிலில் மடியில் வைத்து ஹட்டனுக்குக் கொண்டுவந்தேன். அடுப்பின் பின்சுவருக்குப் பக்கத்தில், இளஞ்சூடு அடியிலிருந்து வரும் இடத்தில், வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தேன்.

நான்காம் வாரம், பொறுக்க முடியாமல் ஒரே ஒரு கல்லை மட்டும் நகர்த்தினேன். நரம்பின் வெட்டிலிருந்து நூலிழை போல இரண்டு வெள்ளை வேர்கள் மணலுக்குள் இறங்கியிருந்தன. கல்லைத் திரும்ப வைத்துவிட்டேன். ஆறு முதல் எட்டு வாரத்தில் பிள்ளை வரும் என்று படித்திருந்தேன். நம் குளிரில் பத்து வாரம் எடுத்தது. ஒரு ஜூன் மாதத்துக் காலையில் பொலித்தீனைத் துடைத்துத் தூக்கியபோது, கீறலின் ஓரத்தில் அரிசிமணி அளவில் ஒரு சிவப்பு இலை நின்றது. கைவில்லையை எடுத்து வந்து பார்த்தேன். அத்தனை சிறியதில் முழுக்கச் செம்மயிர், அத்தனை சிறியதிலும் ஒரு பாதி பெரிது, மறு பாதி சிறிது. தாய் இலை அதற்குள் ஓரங்களில் மஞ்சளாகி, கண்ணாடித் தாள் போல ஆகத் தொடங்கியிருந்தது. அதை வெட்டி எறிய வேண்டாம் என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். பிள்ளைகள் அதிலிருந்துதான் குடிக்கின்றன. ஏழு கீறலில் இரண்டு அழுகிப்போயின. ஐந்து பிழைத்தன. பெருவிரல் நகம் அளவில் இரண்டு இலை வந்த பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்து, பாதியாக வெட்டிய டின்களில் வைத்தேன். ஐந்திலும் அதே கரை, அதே வெள்ளி.

இந்த ஜனவரியில் அவற்றுக்கு முதல் குளிர் வந்தது. நுவரெலியாவில் புல்மேல் பனி உறைந்த வாரம் அது. ஹட்டன் அதைவிட ஏறத்தாழ 600 மீற்றர் கீழே இருந்தாலும் இரவுகளில் கம்பளி போதவில்லை. டின்கள் ஒவ்வொன்றாக இலை உதிர்த்தன. பெப்ரவரி நடுவில் ஒரு டின்னில் ஓர் இலைகூட இல்லை, மண்மேல் பழுப்பாக ஒரு துண்டுத் தண்டு மட்டும் கிடந்தது. மறுபடியும் கொன்றுவிட்டேனோ என்று நெஞ்சு பதறியது. படம் பிடித்து அண்ணியின் தொலைபேசிக்கு அனுப்பி, அம்மாவிடம் காட்டச் சொன்னேன். "அதைத் தொடாதே. குளிருக்குத் தூங்குகிறது. தண்டை நகத்தால் அமுக்கிப் பார், கல் மாதிரி இருந்தால் உயிர் இருக்கிறது" என்று பதில் வந்தது. அமுக்கினேன். உறுதியாக இருந்தது. ஜன்னல் கண்ணாடியிலிருந்து டின்களை எடுத்து அடுப்படி அலமாரிக்கு மாற்றினேன். மூன்று வாரத்துக்கு ஒரு முறை இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர், உரம் கிடையாது. இப்படித் தூங்கும் செடியை எத்தனை வீடுகளில் செத்துவிட்டது என்று குப்பையில் கொட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

மார்ச் கடைசியில் பிற்பகல் இடிமழை ஆரம்பித்தது. ஐந்து நாள் கழித்து, அந்த மொட்டைத் தண்டின் நுனியில் மூடிய சிவப்புக் கை ஒன்று எழுந்தது. இன்றைக்கு அதில் மூன்று இலை.

ஐந்து டின்களில் ஒன்று பண்டாரவளைக்குப் போய்விட்டது. இரண்டை நான் வைத்துக்கொள்கிறேன். ஒன்று எதிர்வீட்டு அக்காவுக்கு, மழைக்காலம் முழுக்க என் ஜன்னலைத் திறந்தவர் அவர்தான். ஐந்தாவதை, போன தவணையில் கைவில்லையைத் தர மறுத்து அரைமணி நேரம் அந்த வெள்ளியையே பார்த்துக்கொண்டிருந்த என் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அவளுக்குப் பெரிய டின்னாக வெட்டி, புது மண் நிரப்பிவிட்டேன். அம்மா எப்போதும் ஆணியால் அடியில் நான்கு ஓட்டையும், பக்கவாட்டில் ஒன்றும் போடுவார். இதற்கு அடியில் இரண்டுதான் போட்டிருக்கிறேன். நாளைக் காலை ஏழு மணி பஸ்ஸுக்கு முன்னால் மண்ணைக் கொட்டிவிட்டு மீதியையும் போட வேண்டும்.